அரிய நூல் தொகுப்புகளும் அவற்றின் இருப்பிடமும்: ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அரிய நூல் தொகுப்பு எந்நாட்டில் இருக்கிறது என்பது, அதனை ஆய்வோர் யார் என்பதையும் தீர்மானிக்கிறது. அமெரிக்கத் தொகுப்பொன்றையும் தமிழ்த் தொகுப்பொன்றையும் ஒப்பிட்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அச்சுப் பண்பாடு, அரிய நூல்கள், நுண்படம், மூலப்படி.

முன்னுரை

பேரளவிலான அரிய நூல் தொகுப்புகள் பல, தனிமனிதரின் ஈடுபாட்டில் தோன்றிப் பின்னர்ப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்துள்ளன. இம்மாற்றத்தில் நூல்கள் இடம்பெயர்வதும் உண்டு; பெயராமல் நிற்பதும் உண்டு.

ஜான் கார்ட்டர் பிரவுன் நூலகம்

அமெரிக்கக் கண்டங்களின் தொடக்ககால வரலாறு, கடற்பயணங்கள் ஆகியன பற்றிய நூல்களை ஜான் கார்ட்டர் பிரவுன் 1846 முதல் முனைந்து திரட்டினார். அத்தொகுப்பு 1901இல் பிரவுன் பல்கலைக்கழகத்திற்கு வழங்கப்பட்டது. கொலம்பசின் பயணத்திற்குப் பின் அமெரிக்கா பற்றி எழுந்த நூல்களுள் பெரும்பாலானவை ஐரோப்பிய நகரங்களில் அச்சேறியவை. அவை எந்நிலத்தைப் பற்றிப் பேசினவோ, அந்நிலத்தையே இத்தொகுப்பின் வழி வந்தடைந்தன.

தம்பிரான் வணக்கம்

தமிழ் அச்சின் தொடக்கநிலை இதற்கு மாறானது. என்றிக்கே என்றிக்கசு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. பதினாறு பக்கங்களே கொண்ட இந்நூல், இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகும். அதன் படி இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. தமிழ் ஆய்வாளர் தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூலை நேரிற்காணக் கடல் கடக்க வேண்டியுள்ளது.

கோட்டையூர்த் தொகுப்பு

செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, நூல்கள், இதழ்கள், நாடக அறிவிப்புகள், பாட்டுப் புத்தகங்கள், அழைப்பிதழ்கள் எனப் பிறர் பொருட்படுத்தாதவற்றையும் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின், 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் இத்தொகுப்பை விலைக்குப் பெற்றது. எனினும் நூல்கள் சிகாகோவிற்குக் கொண்டுசெல்லப்படவில்லை. அவை சென்னையில் வைத்துப் பேணப்பட்டு, நுண்படமாக்கப்பட்டன. சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகம் இன்று தரமணியில் இயங்குகிறது. உரிமை கைமாறியபோதும் இருப்பிடம் தமிழகமாகவே நிலைத்தது.

மூலப்படியின் இன்றியமையாமை

நுண்படம் போதாதா என்னும் வினா எழலாம். பாடத்தைப் படிக்க அது போதும். தாளின் தன்மை, கட்டமைப்பு, மைப்பதிவு, நூலின் அளவு ஆகியவற்றை மூலப்படியே முழுமையாகக் காட்டும். பழம்பதிப்புகளின் சிறப்புப்பாயிரம், கையொப்பமிட்டோர் பட்டியல், பின்னட்டை விளம்பரம் முதலியன மறுபதிப்புகளில் பெரும்பாலும் விடுபடுகின்றன. அவற்றிற்கும் முதற்பதிப்பையே நாட வேண்டும். அருணாசல புராணம் போன்ற தலபுராணங்களின் பதிப்பு வரலாற்றை ஆராயும் வேங்கிக்கால் மாணவர் தரமணிக்கு ஒரே நாளில் சென்று திரும்பலாம். ஹார்வர்டு செல்வதோ பலருக்கு இயலாதது. எனவே தொலைவு என்பது ஆய்வுத் தலைப்பையே மறைமுகமாக வரையறுக்கிறது.

முடிவுரை

வெளிநாட்டுப் பொருளுதவியும் உள்நாட்டு இருப்பும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதை ரோஜா முத்தையா தொகுப்பு மெய்ப்பிக்கிறது. மாவட்டங்களில் தனியார் வீடுகளில் எஞ்சியுள்ள நூற்சேகரிப்புகளைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் அட்டவணைப்படுத்தத் தொடங்குதல், இதன் வழி எழும் உடனடிப் பணியாகும்.