பண்ணைக்குப் புறப்படுமுன்: கூலியில்லா உழைப்பு பற்றிச் சில பாடங்கள்

முதுகில் ஒரு பை, கையில் கடப்பிதழ், போகும் நாட்டில் தங்குவதற்கு ஒரு பண்ணை. நாளுக்கு நான்கைந்து மணி நேரம் வேலை செய்தால் மூன்று வேளை உணவும் படுக்க இடமும் கிடைக்கும், பணம் கிடைக்காது. இப்படிப்பட்ட பயணத்தைப் பற்றி நம் மாணவர்கள் பலர் ஆர்வத்துடன் விசாரிக்கின்றனர். நானும் 2025ஆம் ஆண்டின் நீண்ட விடுமுறையில் ஏழு வாரங்கள் நியூசிலாந்துப் பண்ணைகளில் தங்கி வேலை செய்து திரும்பினேன். பனி மூடிய மலைகளைப் பற்றி எழுத எனக்கும் ஆசைதான். ஆனால், தோட்டப் பாட்டாளிகளின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இதில் வேறொரு கேள்வியும் இருக்கிறது. பிறர் நிலத்தில் கூலியில்லாமல் உழைப்பது எப்போது நியாயமான பரிமாற்றமாகிறது? எப்போது சுரண்டலாகிறது?

தொடக்கமும் பெயரும்

1971ஆம் ஆண்டில் இலண்டனில் செயலாளராகப் பணிபுரிந்த சூ கோப்பர்ட் என்னும் பெண்மணி, நகரவாசிகள் வார இறுதியில் கிராமப்புறம் சென்று இயற்கை விவசாயத்துக்கு உதவ ஒரு வழி செய்தார். முதல் முறை சசெக்ஸ் வட்டாரத்திலுள்ள எமர்சன் கல்லூரியின் பண்ணைக்குச் சென்றவர்கள் நால்வரே. அந்தச் சிறு முயற்சிதான் இன்று பல நாடுகளில் பரவியுள்ள ‘வூஃப்’ அமைப்பு. அதன் முதலெழுத்துகள் மாறவில்லை; விரிவு மட்டும் மாறியது. முதலில் ‘வார இறுதி வேலை’ என்று இருந்தது, பிறகு ‘மனமுவந்த வேலையாள்’ என்றானது, இப்போது ‘உலகளாவிய வாய்ப்புகள்’ என்றிருக்கிறது. ‘வேலையாள்’ என்ற சொல் குடிநுழைவு அதிகாரிகளிடம் குழப்பத்தை உண்டாக்கியது. செய்வது வேலையா, விருந்தா என்ற குழப்பம் பெயரிலேயே இருந்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நியூசிலாந்துக் குடிநுழைவுத் துறைக்கு இதில் குழப்பமில்லை. உணவும் தங்குமிடமும் பெற்றுக்கொண்டு செய்வது அவர்கள் பார்வையில் வேலைதான். ஆகவே, சுற்றுலா விசாவில் போய்ப் பண்ணையில் வேலை செய்யக்கூடாது. வேலை செய்ய அனுமதிக்கும் விசா வேண்டும். 18 முதல் 30 வயது வரையிலான மலேசியர்களுக்கு ‘வேலை விடுமுறை’ விசா உண்டு. ஆண்டுக்கு 1,150 இடங்கள், ஆறு மாதம் தங்கலாம். நான் சென்றது அந்த விசாவில்தான்.

அந்நாட்டின் 2000ஆம் ஆண்டு வேலை உறவுச் சட்டப்படி, கைம்மாறு எதிர்பார்க்காமலும் பெறாமலும் வேலை செய்பவரே தன்னார்வலர். இலாபம் ஈட்டும் ஒரு தொழிலில் படுக்கைக்காகவும் சோற்றுக்காகவும் வேலை செய்பவர் சட்டத்தின் கண்ணில் ஊழியராகக் கருதப்படலாம். ஆஸ்திரேலியாவும் 2015ஆம் ஆண்டில் ஒரு முடிவெடுத்தது. இரண்டாம் ஆண்டு விசா பெறுவதற்கான பண்ணை வேலைக் கணக்கில் சம்பளமில்லா வேலையைச் சேர்ப்பதில்லை என்பதே அது. விசா ஆசையைக் காட்டி இளைஞர்களைச் சிலர் ஏய்த்ததே அதற்குக் காரணம்.

கிவித் தோட்டத்தில் நான்கு வாரம்

நான் முதலில் தங்கியது, வட தீவில் பே ஆஃப் பிளென்டி வட்டாரத்திலுள்ள தெ புக்கெ ஊருக்கு அருகில் ஒரு குடும்பத்தாரின் இயற்கைத் தோட்டத்தில். கிவிப்பழம் அந்நாட்டுப் பயிர் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். நம் ரப்பரைப் போல அதுவும் வந்தேறிய பயிர்தான். 1904ஆம் ஆண்டில் இசபெல் ஃபிரேசர் என்ற பள்ளித் தலைமையாசிரியை சீனாவிலிருந்து விதை கொண்டு வந்தார். ‘கிவி’ என்ற பெயர் 1959இல்தான் ஏற்றுமதிக்காகச் சூட்டப்பட்டது.

ஜூலை அங்கே குளிர்காலம், கவாத்து செய்யும் பருவம். கிவி கொடிவகைப் பயிர். தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் படர்ந்திருக்கும். போன கோடையில் வளர்ந்த கொம்புகளிலிருந்து கிளம்பும் புதுத் தளிர்களில்தான் வரும் பருவத்தின் காய் பிடிக்கும். ஆகவே, காய்த்து ஓய்ந்த கொம்பை வெட்டி எடுத்துவிட்டு, புதுக் கொம்பை வளைத்துக் கம்பியில் கட்ட வேண்டும். எதை வெட்டுவது என்பதைத் தோட்டக்காரர் தீர்மானிப்பார், நான் கட்டுவேன். அண்ணாந்தபடியே வேலை. இரண்டு மணி நேரத்தில் கழுத்து கல்லாகிவிடும்.

ஒவ்வொரு கொடி முடிந்ததும் கவாத்துக் கத்தரிக்குக் கிருமிநாசினி தெளிக்க வேண்டும். 2010 நவம்பரில் தெ புக்கெயில்தான் ‘பி.எஸ்.ஏ.’ என்னும் பாக்டீரியா நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போதிருந்த மஞ்சள் கிவி இரகம் பெருமளவு அழிந்தது. தாக்குப்பிடிக்கும் புது இரகத்தை ஒட்டுக்கட்டித்தான் தோட்டங்கள் மீண்டன. ஒருவர் கத்தரியிலும் காலணியிலும் ஒட்டிவரும் கிருமி பலரது பிழைப்பைக் கெடுத்துவிடும் என்பது அங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். விமான நிலையத்தில் மண் ஒட்டிய காலணியையும் உணவுப் பொருள்களையும் அறிவிக்கச் சொல்வது இதனால்தான். அறிவிக்காமல் விட்டால் அங்கேயே 400 டாலர் அபராதம்.

அந்தத் தோட்டக்காரர் முதல் நாளிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். பெரும்பகுதிக் கவாத்தையும் அறுவடையையும் கூலிக்கு ஆள் வைத்தே செய்வாராம். அந்த வட்டாரத்துக்கு வனுவாட்டு, சாமோவா, தொங்கா போன்ற தீவுகளிலிருந்து 2007இல் தொடங்கிய பருவகாலத் திட்டத்தின்கீழ் தொழிலாளர்கள் வருகின்றனர். அவர்கள் செய்யும் வேலையை இனாமாகச் செய்ய என்னைப் போன்றவர்களை வைத்தால் அவர்கள் வயிற்றில் அடிப்பதாகும் என்றார். எனக்குக் கிடைத்தவை வீட்டை ஒட்டிய சில வரிசைகள், காய்கறிப் பாத்தி, எருக்குழி, கோழிக்கூண்டு ஆகியவையே.

ஒரு சிறு கணக்கு

2025 ஏப்ரலில் அங்கே குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 23.50 டாலராக நிர்ணயிக்கப்பட்டது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் என நான் செய்த 20 மணி நேரத்துக்கு 470 டாலர். வெளியே ஒரு பயணியர் விடுதியில் தங்கிச் சாப்பிட்டால் எனக்கு நாளுக்கு ஏறக்குறைய 70 டாலர் செலவானது. ஏழு நாளுக்கு 490. வரியை விட்டுவிட்டுப் பார்த்தால் கணக்கு நேராகிறது. கற்றுக்கொண்ட தொழில் எனக்கு இலாபம்.

இரண்டாவது இடம் வேறு மாதிரி. பெயருக்குச் சிறு பண்ணை. உண்மையில் விருந்தினர் விடுதி. நான்கு மணி நேரம் என்று எழுதியிருந்தார்கள். அறைகளைத் துடைப்பது, துணி துவைப்பது, பாத்திரம் கழுவுவது என எட்டு மணி நேரம் ஓடியது. ஐந்து நாளில் 40 மணி நேரம், அதாவது 940 டாலர் உழைப்பு. பெற்றதோ 350 டாலர் மதிப்புள்ள சோறும் படுக்கையும். கேட்டேன். “நீ தன்னார்வலர்தானே, இங்கே எல்லாரும் ஒரே குடும்பம்” என்று பதில் வந்தது.

அன்றிரவு கெடாவிலுள்ள பாட்டியிடம் தொலைபேசியில் சொன்னேன். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மரத்துக்கு ஓடியவர். மணிக்கணக்கைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“தங்குற வீடு யாரோடது?”

“அவங்களோடதுதான் பாட்டி.”

“அப்போ அங்க வாயத் தொறக்க முடியாது. லயத்துல எங்களுக்கும் அப்படித்தான். வேல போனா வீடும் போயிரும். உங்கிட்ட காசு இருக்குல்ல? கெளம்பு.”

ஆறாம் நாள் காலையில் கிளம்பினேன். என்னோடு அறையிலிருந்த வேற்று நாட்டுப் பெண் கிளம்பவில்லை. அவளிடம் பேருந்துக் கட்டணத்துக்கு மேல் பணமில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே வேலை, ஒரே படுக்கை. எனினும் நான் போக முடிந்தது, அவளால் முடியவில்லை.

பாட்டியின் கேள்வியில் நம் வரலாறே அடங்கியிருக்கிறது. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன் ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டு ஓடுவது தண்டனைக்குரிய குற்றம். ஒப்பந்தம் போன பிறகும் வீடு தோட்டத்துடையதாகவே இருந்தது. வேலையும் கூரையும் ஒரே கையில் இருந்தால், சட்டம் தடுக்காவிட்டாலும் மனிதன் அசைய முடியாது. வெளிநாட்டுப் பண்ணைக்குப் போகும் மாணவரும் சில வாரங்களுக்கு அதே நிலையில்தான் நிற்கிறார். அவரிடம் வெளியேறுவதற்கான பணமும் பயணச்சீட்டும் இருப்பதுதான் வேறுபாடு. அவை இல்லையென்றால் அந்த வேறுபாடும் இல்லை.

புறப்படுமுன் கேட்க வேண்டியவை

1. நாளுக்கு எத்தனை மணி நேரம், வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு? இதை எழுத்தில் பெறுங்கள்.

2. இந்த வேலையை நான் செய்யாவிட்டால் கூலிக்கு ஆள் வைப்பார்களா? ‘ஆம்’ என்றால் நீங்கள் இன்னொருவரின் சம்பளத்தை இல்லாமல் செய்கிறீர்கள்.

3. எனக்கு எதைக் கற்றுக்கொடுப்பார்கள்? துடைப்பம் பிடிப்பதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை.

4. இன்றிரவே வெளியேறினால் எங்கே தங்குவேன்? இரண்டு வார விடுதிச் செலவுக்கான பணத்தைத் தனியே ஒதுக்கி வையுங்கள். திரும்பும் பயணச்சீட்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள். ஊரில் ஒருவரிடம் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

“தோட்டத்த விட்டு வெளிய வர்றதுக்கு நாங்க பட்ட பாடு போதாதா?” என்று என் அம்மா கேட்டதைப் போல உங்கள் வீட்டிலும் கேட்கலாம். அந்தக் கேள்வியை அலட்சியப்படுத்தாதீர்கள். அவர்களை உட்கார வைத்து இந்த நான்குக்கும் விடை சொல்லுங்கள். விடை சொல்ல முடிந்தால் தாராளமாகப் போய் வாருங்கள். மண்வேலை இழிவன்று. ஏழு வாரத்தில் என் கைகள் ஒரு கொடியைப் படித்து அறியக் கற்றுக்கொண்டன. அது எந்த விரிவுரை மண்டபத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. நான்காவது கேள்விக்கு மட்டும் விடையில்லையென்றால், பணம் சேரும் வரை அடுத்த விடுமுறைக்குக் காத்திருங்கள்.