ஆளைக் கண்டால் அடங்கும் மெஷின்

நம்பிக்கை: மெக்கானிக் வாசலில் கால் வைத்ததும் கோளாறு ஓடிவிடும். மெஷினுக்கு ஆள் தெரியும்.

தூத்துக்குடியில் இதைச் சொல்லாதவர் யார்? விசைப்படகு டிரைவர் சொல்வார், ஐஸ் பிளான்ட்காரர் சொல்வார், துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றும் லாரிக்காரர் சொல்வார். இந்தக் கரைக்கு இது புதுசும் இல்லை. இப்போது மெஷின் இருக்கும் இடத்தில் முன்பு சுறா இருந்தது, மெக்கானிக் இருக்கும் இடத்தில் கடல்கட்டி இருந்தார்.

முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்த காலத்தில் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவருக்குக் கடல்கட்டி என்று பெயர். அவர் இல்லாமல் குளியாளிகள் கடலில் இறங்க மாட்டார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ, எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு சுறாவைக் கட்டுகிறவர்களுக்குப் போனது என்கிறார். கட்டு பகலுக்கு மட்டும்தான். இரவில் அவிழ்த்துவிடுவார்களாம், யாரும் திருட்டுத்தனமாக இறங்கிவிடக் கூடாதே! வாட்ச்மேன் சம்பளம் மிச்சம்.

எனக்கு மிகவும் பிடித்தது எமர்சன் டென்னென்ட் எழுதிவைத்த கதை. 1845 முதல் 1850 வரை இலங்கையில் காலனிச் செயலாளராக இருந்தவர். மன்னார் பக்கத்துச் சலாபத்தை அவர் பார்க்கப் போன சமயம் கடல்கட்டிக்கு உடம்பு சரியில்லை, பதிலாள் வந்திருந்தார். மந்திரம் தனக்குத் தெரியாது என்று அந்தப் பதிலாள் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ஆனாலும் கவலை வேண்டாம், பெரியவர் சார்பில் தான் வந்து நின்றாலே சுறா மரியாதையாக நடந்துகொள்ளும் என்றாராம்.

உண்மை என்ன? 1890இல் தூத்துக்குடிச் சலாபத்தில் நடந்ததைச் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவுசெய்திருக்கிறார். ஒரு குளியாளியைச் சுறா கடித்தது. மற்றவர்கள் மிரண்டார்கள். மந்திரம் தெரிந்த ஒரு அம்மாளை அமர்த்தினார்கள், மிரட்சி அடங்கியது. ஆனால் சுறா அடங்கவில்லை. மேலும் சிலர் கடிபட்டார்கள். காற்று சாதகம், தண்ணீர் தெளிவு, படகுக்குக் குறைவில்லை, சிப்பியும் நல்ல விலை போகிறது. அப்படிப்பட்ட நேரத்தில் சலாபத்தைப் பாதியில் மூடினார்கள்.

சுறா பெரும்பாலான நாட்களில் யாரையும் கடிப்பதில்லை. கடிக்காத நாளெல்லாம் கடல்கட்டியின் வரவில் ஏறியது. கடித்த நாளுக்கு வேறு யாருடைய குற்றமாவது காரணமானது. மெக்கானிக் விஷயத்திலும் இதே கணக்குதான். அவர் கண்முன்னாலேயே மெஷின் கோளாறு காட்டி, அவர் சரிசெய்துவிட்டுப் போன நாட்களை நாம் கதையாகச் சொல்வதில்லை. அது வெறும் ரிப்பேர்.

ஆனால் இதோடு முடித்தால் மெஷின் வைத்திருப்பவர்கள் என்னை அடிக்க வருவார்கள். மெஷின் சில சமயம் நிஜமாகவே அடங்கி நடக்கிறது. நானே பார்த்தேன்.

என் மச்சான் உப்பு வியாபாரி. அவர் லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் ஒரு தை மாதம் முழுக்க வம்பு. மேடையில் லாரியே இல்லை, எடைகாட்டியில் எண் 40 என்கிறது, 70 என்கிறது, மைனஸ் 20 என்கிறது. விடியற்காலை லோடுக்கு வந்த லாரிகள் வரிசையில் நிற்க, டிரைவர்கள் கத்த, மதுரையிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார்கள். பதினொன்றரைக்கு வந்தார். எண் சுழியத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பஸ் செலவு, வந்துபோன கூலி, சாப்பாடு. இப்படி மூன்று முறை.

“உங்களைக் கண்டாத்தான் இதுக்குப் பயம் அண்ணாச்சி,” என்றான் எடை போடும் பையன்.

“பயமாவது ஒண்ணாவது. எத்தனை மணிக்குத் துள்ளுது, எத்தனை மணிக்கு நிக்குது, அதை நோட்டுல எழுதி வை தம்பி.”

பையன் ஒரு வாரம் எழுதினான். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் துள்ளுகிறது, காலை ஒன்பதுக்குள் அடங்குகிறது. நான்காம் முறை மெக்கானிக் முந்தின நாள் மாலையே வந்து அங்கேயே படுத்துக்கொண்டார். ஐந்து மணிக்கு டார்ச்சோடு மேடைக்கு அடியில் இறங்கினார், நானும் குனிந்து பார்த்தேன். நாலா பக்கத்து ஒயரும் வந்து சேரும் பெட்டியைத் திறந்தால், உள்ளே டெர்மினல்களுக்கு இடையே வெள்ளையாகப் பொருக்கு, பொருக்கின் மேல் வியர்வை மாதிரி முத்து முத்தாக ஈரம். ஒயர் நுழையும் வாயில் ரப்பர் வெடித்திருந்தது. யார் வீட்டிலிருந்தோ வாங்கி வந்த ஹேர் டிரையரைப் பெட்டிக்குள் காட்டினார். மேலே பையன் எண்ணைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தான்: அறுபது, நாற்பது, முப்பது, பத்து, சுழியம்.

உப்பின் குணம் அது. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். அதற்குக் கீழே வெறும் பொடி. பொடியில் கரண்ட் பாயாது, கரைசலில் பாயும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம், அதற்கு 33 சதவீதமே போதும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி நீர்த்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எடைமேடையின் லோடு செல்லுக்கு 10 வோல்ட் கொடுத்தால் முழு பாரத்துக்கும் திரும்பி வருவது பொதுவாக 20, 30 மில்லிவோல்ட்தான். பத்துக் கிலோ என்பது அதில் ஒரு சில மைக்ரோவோல்ட். பனியில் நனைந்த துளி உப்பு அதைக் குலைக்கப் போதாதா? மதுரை பஸ் வந்து சேர்வதற்குள் வெயில் ஏறி, பெட்டி காய்ந்து, குற்றவாளி பொடியாகியிருப்பான்.

படகிலும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. கடலில் எஞ்சின் அதிர்வில் விட்டு விட்டுத் தொடும் ஒயர், கரையில் எஞ்சினை நிறுத்தி மெக்கானிக் ஏறும்போது ஒழுங்காகத் தொட்டுக்கொண்டிருக்கும்.

நம்பிக்கை: தொட்டாலே சரியாகிவிடும், அவர் கைராசி அப்படி.

இது பாதி உண்மை. மெக்கானிக் பார்க்க வந்ததும் முதல் வேலையாக பிளக்கைக் கழற்றி மாட்டுவார். அப்போது பின்னில் படிந்த களிம்பு உரசிப் போய்விடும். ரிப்பேர் அப்போதே முடிந்தது, அவருக்கே தெரியாது. ஒரு தட்டுத் தட்டினால் டிவி பாடுவதும் இப்படித்தான். அடுத்த வாரம் மறுபடி களிம்பு பிடிக்கும்.

நம்பிக்கை: சிலர் பக்கத்தில் வந்தாலே மெஷின் படுத்துவிடும்.

இதை நம்பியவர்களில் படிக்காதவர்கள் மட்டும் இல்லை. இயற்பியலாளர் வொல்ப்காங் பவுலி வந்தால் கருவி உடையும் என்று, ஹாம்பர்க்கில் ஓட்டோ ஸ்டெர்ன் அவரைத் தன் ஆய்வகத்துக்குள் விடவில்லை என்பார்கள். இருவருமே பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர்கள். பவுலி ஊரில் இல்லாத நாட்களில் உடைந்த கருவிகளை யார் எண்ணினார்கள்?

எடைமேடைக் கதையில் ஒன்று பாக்கி. ரப்பரை மாற்றி, பொருக்கைத் துடைத்து, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் போட்டு மூடிய பிறகு மெக்கானிக் அறைக்குள் வந்தார். காட்டிக்கு நேர் மேலே, கண்பட்டுவிடாமல் இருக்க மச்சான் கட்டிய எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. மச்சானுக்குக் கொஞ்சம் கூச்சம், அவிழ்க்கப் போனார்.

“இருக்கட்டும் அண்ணாச்சி,” என்றார் மெக்கானிக். “கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க. சாறு சொட்டினா அதுலயும் கரண்ட் பாயும்.”