பொல்லைக் கீழே வைத்த பிறகு

தெல்லிப்பழை

அன்பு மகள் துளசிக்கு,

வெறுங்கைச் சண்டை பழகத்தான் அர்னிஸ் வகுப்பில் சேர்ந்தாய். மாஸ்டரோ முதல் நாளே பிரம்புப் பொல்லொன்றைக் கையில் தந்துவிட்டார் என்று குறைப்பட்டு எழுதியிருக்கிறாய். குறைப்படாதே பிள்ளை. அந்தக் கலையில் வெறுங்கைப் பாடம் பொல்லில்தான் தொடங்குகிறது.

கேரளத்துக் களரியில் மெய்த்தாரி, கோல்த்தாரி, அங்கத்தாரி என்று உடம்பிலிருந்து மரத்துக்கும் இரும்புக்கும் போய், வெறுங்கையைக் கடைசியில்தான் தருவார்கள். பிலிப்பைன்ஸ்காரர் பெரும்பாலும் ஆயுதத்திலேயே தொடங்கிவிடுவார்கள். 2009இல் சட்டம் போட்டு அவர்கள் தேசியத் தற்காப்புக் கலையாக அறிவித்தது இந்த அர்னிஸைத்தான். அதில் அடியை ஆயுதத்தை வைத்துப் பிரிப்பதில்லை, அது வரும் கோணத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். பல பள்ளிகளில் 12 கோணங்கள். உன் இடது நெற்றிப்பொட்டை நோக்கி மேலிருந்து சரிந்து வருவது முதலாவது. வருவது பொல்லோ, கத்தியோ, முட்டியோ, பாதை ஒன்றுதான்.

அந்த முதற்கோணத்தையே எடு. உன் வலக்கைப் பொல்லு வரும் அடியைச் சந்திக்கும். இடக்கை உடனே எதிராளியின் மணிக்கட்டை அடக்கும். வலக்கை திருப்பி அடிக்கும். இப்போது பொல்லைக் கீழே வை. வலது முன்கை சந்திக்கட்டும், இடக்கை அடக்கட்டும், வலக்கை திரும்பட்டும். அசைவு மூன்றும் அப்படியே இருக்கின்றன. பொல்லோடு பழகும்போது சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் இடக்கையை உன் மாஸ்டர் அதட்டுவது இதற்காகத்தான்.

மாறுவது தூரம். ஏறத்தாழ 28 அங்குலம் உன் கையைவிட்டுப் போய்விட்டது. அதைக் கால்தான் ஈடுசெய்ய வேண்டும். ஆகவே மணலில் ஒரு முக்கோணம் கீறு. அதன் முனையில் நின்று, வலப்பக்கக் கோட்டிலும் இடப்பக்கக் கோட்டிலும் மாறி மாறி முன்னேறு. நேர்பின்னால் போகாதே, அடி துரத்திக்கொண்டு வரும். மகாஜனாக் கல்லூரி மைதானத்தில் பந்தோடு பக்கவாட்டில் விலகிப் போன கால்கள் உனக்கு இருக்கின்றன. எங்கள் சிலம்படியும் குத்துவரிசையும் காலை நம்பித்தான் நிற்கின்றன. இதை நான் எவ்வளவு சொன்னாலும் போதாது.

முகத்தைத் தேடியும் போகாதே. அடிக்க வருகிற கையையே முதலில் அடி: முன்கை, புயத்தசை. பனன்டுக்கான் என்ற பிலிப்பைன்ஸ்காரருடைய குத்துச்சண்டை முறையில் இதற்குப் பெரிய இடமுண்டு. கை சோர்ந்தால் அடுத்த அடி வலுவில்லாமல்தான் வரும்.

கத்தியைப் பறிக்கும் வித்தைகளையும் காட்டித் தருவார்கள். பழகு, ஆனால் படங்களில் காண்பதுபோல நடக்குமென்று நம்பிவிடாதே. ஓட வழியிருந்தால் ஓடு. வழி அடைபட்டால் மட்டும் கையைத் தூக்கு.

இனி ஒரு மாதத்துக்குச் சினவாலியை விடாதே, இரட்டைப் பொல்லுப் பின்னல் அது. இடக்கை வலக்கைக்குச் சமமாக வரும்வரை வேகம் வேண்டாம். பிறகு அதே பின்னலைக் கூட்டாளியோடு வெறுங்கையால், மெதுவாக, விரல்களைக் கண்ணுக்கு எட்டாமல் மடக்கி வைத்துக்கொண்டு செய். ஆவணியில் துர்க்கை அம்மன் தேருக்கு வரும்போது இரண்டு பொல்லையும் கொண்டு வா. முக்கோணத்தை முற்றத்தில் நானே கீறி வைக்கிறேன்.

அன்புடன்,
சித்தப்பா