கட்டியை எடுத்த பிறகும் கரண்ட்டு எதற்கு?

"கட்டியத்தான் முழுசா எடுத்துட்டீங்களே சார், பெறகு எதுக்குக் கரண்ட்டு?"

சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒருவர், மனைவிக்குத் தலையில் தையல் பிரித்த அன்று மதுரையில் டாக்டரிடம் கேட்டது இது. மார்பகப் புற்றுநோய் மூளைக்குப் பரவி, தலைவலியும் வாந்தியும் தள்ளாட்டமுமாக வந்து சேர்ந்த அந்த அம்மா, ஆபரேஷனுக்குப் பின் தானாகவே எழுந்து நடந்தார். இனி அலைச்சல் இல்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

கரண்ட்டு என்று அவர் சொன்னது கதிர்வீச்சை. கட்டியை எடுத்த குழி ஸ்கேனில் சுத்தமாகத் தெரிந்தாலும், அதன் ஓரத்தில் கண்ணுக்குப் படாத புற்றுச் செல்கள் தங்கிவிடக்கூடும். 1998-ல் அமெரிக்காவில் பேட்செல் குழு இதை எண்களில் காட்டியது. ஒற்றைக் கட்டி எடுக்கப்பட்ட 95 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தலை முழுக்கக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். மற்றவர்களைக் கவனித்து மட்டும் வந்தார்கள். அதே இடத்தில் கட்டி திரும்பியது முன்னவர்களில் 10 சதவீதம், பின்னவர்களில் 46 சதவீதம். ஆனால் அதனால் ஆயுள் கூடவில்லை. இதையும் டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுவது நல்லது.

அதைவிட முக்கியமான கேள்வியை மகள் கேட்டார்: "தலை முழுக்கவா, குழிக்கு மட்டுமா?"

2017-ல் வெளியான, 194 பேர் பங்கேற்ற ஆய்வில், ஆறு மாதத்தில் நினைவாற்றலும் சிந்தனையும் மங்கியவர்கள் தலை முழுக்கக் கதிர்வீச்சு பெற்றவர்களில் 85 சதவீதம். குழிக்கு மட்டும் பெற்றவர்களில் 52. ஆயுளில் பெரிய வித்தியாசமில்லை. மூளையின் வேறு இடங்களில் புதிய கட்டி முளைப்பதைத் தடுப்பதில் தலை முழுக்கக் கொடுப்பதுதான் மேல். ஆகவே ஒன்றிரண்டு கட்டிதான் என்றால் குழிக்கு மட்டும் கொடுத்துவிட்டு, எம்.ஆர்.ஐ. எடுத்து விடாமல் கண்காணிப்பது இப்போதைய வழக்கம். நிறைய இருந்து தலை முழுக்கத்தான் என்றாகிவிட்டால், நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸ் பகுதியை ஒதுக்கிக் கொடுக்க முடியுமா, மெமன்டின் மாத்திரை உதவுமா என்று கேட்கலாம். இந்த அம்மாவுக்குக் குழிக்கு மட்டும் என்று முடிவானது.

அவர் பயந்தது மெஷினுக்கு அல்ல, முகமூடிக்கு. வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி அச்செடுப்பார்கள். சில நிமிடத்தில் இறுகிவிடும். தலை இம்மியும் அசையாமலிருக்க ஒவ்வொரு முறையும் அதை மேஜையோடு பூட்டுவார்கள். மூச்சு விடலாம், பேசத்தான் சிரமம். வெளியிலிருந்து கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவார்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அவர் அன்று அழுதிருக்க மாட்டார். இரண்டாம் நாள் ஜெனகை மாரியம்மனை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் மாத்திரை முகத்தை உப்ப வைக்கும். முகமூடி இறுக்கினால் பொறுத்துக்கொள்ளாமல் டெக்னீஷியனிடம் சொல்லவேண்டும்.

அந்த மாத்திரையின் சேட்டை இதோடு முடியவில்லை. அகோரப் பசி, ராத்தூக்கம் இல்லை, சர்க்கரை எகிறியது. டாக்டரைக் கேட்டு இரண்டாவது வேளையை மதியத்துக்கு மாற்றிய பிறகே தூக்கம் வந்தது. "சூட்டு மாத்திரை, நிப்பாட்டிரு" என்று பக்கத்து வீட்டு யோசனை வேறு! திடீரென்று நிறுத்துவது ஆபத்து. டாக்டர் சொல்லும் கணக்கில்தான் படிப்படியாகக் குறைக்கவேண்டும். வலிப்பு மாத்திரைக்கும் இதே கண்டிப்பு வேண்டும்.

பேரனை அருகில் விடவே தயங்கினார்கள். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்குவதில்லை, குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சலாம்.

முதலமைச்சர் காப்பீட்டில் கதிர்வீச்சுக்குத் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. ஆபரேஷன் வார்டில் இருக்கும்போதே அதைத் தொடங்கிவிடலாம். சென்னை, வேலூர் என்று போகிறவர்களுக்கு, மருத்துவமனைச் சான்றிதழ் காட்டினால் ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமில்லை. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதச் சலுகை உண்டு.

அசதி, சிகிச்சை முடிந்து சில வாரம் கழித்துத்தான் ஆளை அமுக்கியது. பல மாதம் போன பிறகு ஸ்கேனில் குழியோரம் வெள்ளைத் திட்டு தெரிய, கட்டி திரும்பிவிட்டதோ என்று குடும்பமே கலங்கிப்போனது. கதிர்வீச்சால் திசு கருகினாலும் அப்படித் தெரியும். ஒரே படத்தை வைத்துப் பிரித்துச் சொல்வது கடினம். கொடிக்கால்காரர் எல்லா எம்.ஆர்.ஐ. சி.டி.க்களையும் தேதி எழுதி அடுக்கி வைத்திருந்தார். அவற்றை வரிசையாக ஒப்பிட்டுப் பார்த்த டாக்டர், ஆபரேஷன் பேச்சை எடுக்காமல் இரண்டு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.