கல்லீரல் தழும்பை ஊசி குத்தாமல் அறியலாம்



வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போன பிள்ளைக்கு 'அன்ஃபிட்' என்று வந்துவிட்டால் வீடே இடிந்துபோகிறது. சில பிள்ளைகளுக்கு அதன் காரணம் ஹெபடைடிஸ் பி அல்லது சி. விசா போனதைப் பற்றி நாள்கணக்கில் பேசுகிறோம். பிள்ளையின் கல்லீரலைப் பற்றிப் பேசுவதில்லை. "கண் மஞ்சளா இல்லையே, நல்லாத்தானே சாப்பிடுறான்" என்று சீட்டைப் பீரோவில் வைத்துவிடுகிறோம். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடாக இருந்தால் இன்னும் ஆழமாக ஒளித்து வைக்கிறோம்.

இந்தக் கிருமி பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும். கல்லீரல் புண்பட்டு ஆறும்போதெல்லாம் தழும்பு விழுகிறது. அது முற்றினால் சிரோசிஸ். வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளாகிற வரை காத்திருந்தால் காலம் கடந்திருக்கும்.

தழும்பு எவ்வளவு என்று பார்க்க முன்பு பயாப்ஸிதான். விலா இடுக்கில் ஊசி விட்டு, கல்லீரலில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கை எடுப்பார்கள். அதற்குப் பயந்தே போகாதவர்கள் உண்டு. இப்போது பெரும்பாலானவர்களுக்கு அது தேவையில்லை.

முதல் வழி, சாதாரண ரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே இருக்கிறது. எஸ்ஜிஓடி அளவை, பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவால் (பெரும்பாலும் 40) வகுங்கள். வந்ததைத் தட்டணு எத்தனை லட்சமோ அதனால் வகுங்கள். எஸ்ஜிஓடி 80, தட்டணு 1.6 லட்சம் என்றால் 2 வகுத்தல் 1.6, அதாவது 1.25. இதற்கு 'ஏப்ரி' என்று பெயர். ஹெபடைடிஸ் பி உள்ள பெரியவர்களுக்கு 0.5-க்கு மேல் போனால் கணிசமான தழும்பு, 1-க்கு மேல் போனால் சிரோசிஸ் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-இல் சொன்னது. புண்பட்ட கல்லீரலிலிருந்து எஸ்ஜிஓடி ரத்தத்தில் கசிகிறது. தழும்பு ரத்த ஓட்டத்தைத் தடுக்க, மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கணக்கின் சூட்சுமம் அதுதான். டெங்குக் காய்ச்சலில் எடுத்த சீட்டை வைத்து இதைப் போட்டுப் பயந்துவிடாதீர்கள். அப்போது தட்டணு எப்படியும் குறைந்திருக்கும்.

அடுத்தது ஃபைப்ரோஸ்கேன். மல்லாந்து படுக்கவைத்து, வலது விலா இடுக்கில் கருவியை வைத்துச் சுண்டுவார்கள். விரலால் தட்டினாற்போல் இருக்கும். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறதோ அவ்வளவு வேகமாக அந்த அதிர்வு ஓடும். பத்து முறை அளந்து நடு அளவைச் சொல்வார்கள். ஹெபடைடிஸ் பி-யில் 7 கிலோபாஸ்கலுக்கு மேல் கணிசமான தழும்பு, 12.5-க்கு மேல் சிரோசிஸ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று மணி நேரம் வெறும் வயிறு வேண்டும், சாப்பிட்டுப் போனால் அளவு பொய்யாக ஏறும். நோன்புப் பகலில் செய்துகொள்ளவும் தோதானது. வயிற்றில் நீர் உள்ளவர்களுக்கு இது சரிவராது.

"கீழாநெல்லி போதாதா?" என்று கேட்பீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் ஆகியோர் 1988-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள்: கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கு ஹெபடைடிஸ் பி அடையாளம் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. குடிப்பவர்கள் குடிக்கட்டும், பரிசோதனைக்குப் பதிலாக வேண்டாம்.

ஹெபடைடிஸ் சி இப்போது பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிறது. எந்த மாத்திரை என்பதைத் தழும்பைப் பார்த்து முடிவு செய்வார்கள். சிரோசிஸ் வந்தவர்கள் குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்க வேண்டும், புற்றுநோய் பயம் அவர்களுக்குத் தொடர்கிறது. ஹெபடைடிஸ் பி மாத்திரையை நீண்டகாலம் சாப்பிட வேண்டியிருக்கும். நாமாக நிறுத்தினால் நோய் சீறிக் கிளம்பும்.

2018 ஜூலை 28 முதல் மத்திய அரசுத் திட்டத்தில் இவ்விரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியிலோ சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

கணக்குப் போட வராதவர்கள் ஜுமுஆவுக்குப் பிறகு சீட்டோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து போட்டுத் தருகிறோம். யார் வந்தார்கள் என்று வெளியே சொல்லமாட்டோம்.