மலை காட்டும் வழி

கிருஷ்ணகிரி மாவட்டம் பாறைக் குன்றுகள் மலிந்த நிலமாகும். நாகரசம்பட்டி முதலிய ஊர்களிலிருந்து மாவட்டத் தலைநகருக்குச் செல்லும் மாணவர், நகரை ஒட்டி எழுந்து நிற்கும் கோட்டை மலையைக் கண்டு வியப்பர். சையத் பாஷா மலை என்றும் மக்கள் அதனை வழங்குவர். அடிவாரத்தில் நின்று நோக்குவார்க்கு அம்மலை எளியதாகவே தோன்றும். உச்சியும் தெரிகிறது, ஊரும் அருகில் இருக்கிறது; இங்கு வழி தவறுவது எங்ஙனம் என்று அவர்கள் எண்ணக்கூடும். ஆயினும் உச்சிக்கு ஏறும் வழியை அறிவது வேறு. அங்கிருந்து இறங்கும் வழியை அறிவது வேறு.

இந்நாடு முற்காலத்தில் பாராமகால் எனப் பெயர் பெற்றிருந்தது. பன்னிரண்டு கோட்டைகளை உடைமையால் அப்பெயர் வந்தது என்பர். கோட்டை அமைத்தோர் செங்குத்தான பாறைகளையே மதிலாகக் கொண்டனர். 1791-ஆம் ஆண்டு, திப்பு சுல்தானுடன் நிகழ்ந்த போரில், மேக்ஸ்வெல் என்னும் தளபதியின் தலைமையில் வந்த ஆங்கிலப் படை கிருஷ்ணகிரியைத் தாக்கியது. அடிவாரத்துப் பேட்டை அப்படையின் கைக்கு எளிதில் வந்தது. மலைமேல் இருந்த கோட்டையோ வரவில்லை. மேலிருந்து உருட்டப்பட்ட கற்களுக்கு ஆற்றாது படை பின்வாங்கியது. மறு ஆண்டு ஏற்பட்ட உடன்படிக்கையின் வாயிலாகவே பாராமகால் கம்பெனியாரைச் சேர்ந்தது. பெரும்படைக்கே வழிவிடாத மலை, கவனமின்றி ஏறும் சிறுவனுக்கு எளிதில் வழிவிடுமோ?

வறண்ட பாறை மலையில் வழி மயங்குவதற்குக் காரணங்கள் உள. மண் தரையில் பலர் நடந்தால் ஒற்றையடிப் பாதை உண்டாகும். வெறும் பாறையிலோ காலடி பதிவதில்லை. புதர்களுக்கு இடையே ஆடுகள் மேய்ந்து திரிந்த தடங்கள் பாதைகளைப்போலவே காணப்படும். அவை இரை உள்ள இடம்வரை சென்று மறைந்துவிடும். மழைநீர் அரித்த ஓடைத் தடங்களும் அத்தகையனவே. நீர் தாழ்ந்த இடத்தை நாடிச் செல்லும். இடையே பள்ளம் வந்தால் அருவியாய்க் குதிக்கும். அதனைப் பின்பற்றியவன் பள்ளத்தின் விளிம்பிலே திகைத்து நிற்பான். நீர் செல்லும் வழியெல்லாம் மனிதன் செல்லும் வழி அன்று.

பாறையின் வடிவமும் கண்ணை ஏமாற்ற வல்லது. இப்பகுதியின் பாறைகள் பல, கவிழ்த்த சட்டியைப்போல் உருண்டு திரண்டவை. அவற்றின்மீது கீழிருந்து ஏறுபவனுக்குச் சரிவு முழுவதும் தெரியும். மேலிருந்து இறங்குபவனுக்கோ சில அடி தூரமே தெரியும். அதற்கப்பால் பாறை வளைந்து மறைந்துவிடும். மெல்லிய சரிவு என்று எண்ணி அடியெடுத்து வைப்பவன், மேலும் இறங்கவும் இயலாமல் திரும்ப ஏறவும் இயலாமல் நடுவே சிக்கிக்கொள்வான்.

ஆதலின் மலையேறுவோன் கற்க வேண்டிய முதற்பாடம் திரும்பிப் பார்த்தலாகும். ஏறும்போது கண்ட மரமும் பாறையும் இறங்கும்போது வேறு தோற்றம் கொள்ளும். பாதை கிளைக்கும் இடந்தோறும் நின்று, வந்த வழியை ஒருமுறை நோக்க வேண்டும். இடிந்த மதில், தனித்து நிற்கும் மரம், சுனை ஆகியவற்றை மனத்திற் குறித்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பினாலும் வண்ணத்தினாலும் பாறைமேல் தாமே குறியிடுதல் தகாது. அது பின்வருவோரை மயக்கும். கோட்டைச் சுவரில் எழுதுவதோ, பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களுக்கென 1958-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டப்படி குற்றமும் ஆகும்.

வழி தவறியது என்ற ஐயம் தோன்றிய உடனே நின்றுவிடுதல் நன்று. குறுக்கு வழி தேடி இறங்குதல் கூடாது. உறுதியாய் அறிந்த கடைசி இடத்திற்கு வந்த தடத்திலேயே மீள வேண்டும். உடன் வந்தோர் பிரிதல் ஆகாது. மீள இயலாவிடின் நிழலில் அமர்ந்து, 112 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து உதவி கேட்கலாம்.

வெயிலும் வழியை மறைக்கும் பகையே. நீர் வேட்கையால் தளர்ந்தவனுக்கு அறிவும் தளரும். அறிந்த வழியும் அவனுக்கு அயல் வழியாகும். அமெரிக்க நாட்டின் பாலைநிலத்தில் அமைந்த பீனிக்ஸ் நகரின் எல்லைக்குள்ளேயே மலைப் பூங்காக்கள் உள்ளன. அங்கே ஒட்டக முதுகு எனப் பொருள்படும் கேமல்பேக் மலையின் பாதைகள், கடும் வெப்ப எச்சரிக்கை விடுக்கப்படும் நாட்களில் பகல் வேளையில் அடைக்கப்படுகின்றன. 2021-ஆம் ஆண்டு முதல் இவ்வழக்கம் இருந்து வருகிறது. நம் நாட்டிலும் கோடையில் ஏறுவோர் விடியலில் புறப்பட்டு, பாறை சுடுமுன் இறங்கிவிடுதல் வேண்டும். குடிநீரில் பாதி எஞ்சியிருக்கும்போதே திரும்புதல் அறிவுடைமை.

காட்டை அடுத்த மலைகளில் இவ்வெச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் எழுந்த காட்டுத்தீயில் மலையேற்றத்தினர் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்துயருக்குப் பின் அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டில் மலையேற்றத்திற்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. வனத்துறையின் இசைவும், வழி அறிந்த துணையும், குறித்த பாதையும் வேண்டும் என்பது வெறும் கட்டுப்பாடு அன்று, உயிர்க்காவல் ஆகும்.

உச்சியை அடைந்தவனை உலகம் புகழும். பாதி வழியில் ஐயுற்றுத் திரும்பியவனை எவரும் புகழ்வதில்லை. ஆயினும் மலை நாளையும் அங்கேயே நிற்கும். திரும்பி வந்தவன் மறுநாளும் அதனை ஏறலாம். வீட்டு வாயிலில் அவனை எதிர்நோக்கி நிற்கும் தாய்க்கு, அவன் தொட்ட உயரத்தினும் அவன் மீண்டு வந்த வழியே பெரிதன்றோ?