தனியே கேட்டு வாங்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய பேஸ் கிட்டார் படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே விலை, மரம், எத்தனை குமிழ் என்று நீ எழுதியிருந்த குறிப்புகளையும் படித்தேன். எதை வாங்கட்டும் என்று கேட்கிறாய். போனில் இரண்டு வார்த்தை தட்டி அனுப்புகிற விஷயமாக இது எனக்குப் படவில்லை. அதனால் காகிதத்தை எடுத்துவிட்டேன்.

உன் குறிப்பில் ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. யாரோடு வாசிக்கப் போகிறாய், என்ன பாட்டு வாசிக்கப் போகிறாய்? உன் அப்பனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: காலேஜ் பாண்டு, ஒரு டிரம்ஸ், இரண்டு கிட்டார், ஒரு கீபோர்டு, பாதி ராஜா சார் பாட்டு, பாதி இங்கிலீஷ் ராக். எனக்கு வேண்டியது இதுதான். மரத்தின் பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கடையின் மூலையில் உட்கார்ந்து வாசித்தால் மயக்குகிற பேஸ், பாண்டுக்குள் போனதும் காணாமல் போவதை நிறையப் பார்த்துவிட்டேன். அடியில் பூம் என்று ஒரு நிறைவு, மேலே கணீரென்று ஒரு மினுக்கம், அதில் மனசு போய்விடும். மேடையில் அந்த அடியை டிரம்ஸின் கிக் எடுத்துக்கொள்ளும். மேலே இருப்பதைச் சிம்பலும் கிட்டாரும் எடுத்துக்கொள்ளும். நமக்கு மிஞ்சுவது நடுப்பகுதி. தனியே கேட்டால் அது கொஞ்சம் மூக்கொலி கலந்து, அழகில்லாமல்தான் இருக்கும். உன் பெரியம்மா குழம்பைச் சோற்றில் பிசைந்து வாயில் போட்ட பிறகுதான் உப்பைப் பற்றி வாய் திறப்பாள். பேஸின் டோனையும் அப்படித்தான் பார்க்க வேண்டும், பாட்டோடு சேர்த்து.

இதற்குக் காதின் கணக்கும் ஒன்று உண்டு. நான்கு தந்தி பேஸில் அடியிலுள்ள ஈ தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. உன் போன் ஸ்பீக்கரால் அந்த ஒலியைக் கொடுக்கவே முடியாது. ஆனாலும் போனில் பாட்டுக் கேட்கும்போது பேஸ் எந்த நோட்டில் நிற்கிறது என்று உனக்குத் தெரிகிறதா இல்லையா? அந்தத் தந்தி 41-ல் மட்டும் அதிர்வதில்லை. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று 82, 124, 165-லும் கூடவே அதிர்கிறது. அந்த மேல் அதிர்வுகளைப் பிடித்துக்கொண்டு காது அடி நோட்டைத் தானே கட்டிக்கொள்கிறது. ஆம்பில் பேஸ் குமிழைக் கடைசிவரை திருகி, நடுவை வெட்டிவிடுகிற பையன்கள் இந்த மேல் அதிர்வுகளைத்தான் கொன்றுவிடுகிறார்கள். அதுவும் நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில், கிரானைட் தரையும் வழவழப்பான சுவரும் சேர்ந்து அந்த அடியொலியை எதிரொலித்து எதிரொலித்து, என்ன நோட்டு என்றே தெரியாமல் வெறும் உறுமலாக்கிவிடும். அங்கே போனால் அடியைக் குறை, நடுவைக் கூட்டு. தபேலா இருக்கிற பாட்டென்றால் இன்னும் கவனம். அதன் இடக்கை நாதமும் உன் இடத்துக்குப் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கும்.

இனி உன் படங்களுக்கு வருகிறேன். எத்தனை கம்பெனிப் பெயர் இருந்தாலும் அவற்றில் பாதிக்கு மேல் இரண்டே இரண்டு பழைய கிட்டார்களின் வழிவந்தவை. லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பிரிசிஷன் ஒன்று, 1960-ல் வந்த ஜாஸ் பேஸ் மற்றொன்று. பிரிசிஷனில் இரண்டு துண்டாகப் பிளந்த ஒரே பிக்கப், அதுவும் நடுவில். அந்தப் பிளந்த வடிவம் 1957-ல் வந்தது. ஒரு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான் குமிழ்கள். நான் சொன்ன அந்த நடுப்பகுதி இதில் கேட்காமலே கிடைக்கும். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப். தந்திகளைத் தாங்கும் பாலத்தின் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் திறந்தால் குரல் இறுகி, ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாகப் பேசும். ஆனால் ஒன்றை மட்டும் திறந்தால் கரண்ட் இரைச்சல் வரும், இரண்டையும் முழுக்கத் திறந்தால் அடங்கிவிடும். அப்படித் திறக்கும்போது நடு கொஞ்சம் குழிந்துபோவதையும் கவனி. கடையில் கேட்க இனிமையாக இருப்பதற்கு அந்தக் குழியும் ஒரு காரணம். இரண்டு கிட்டாரும் ஒரு கீபோர்டும் இருக்கிற உன் பாண்டுக்கு என் ஓட்டு பிரிசிஷன் வகைக்கு.

"என் கை சின்னது, பேஸ் பிடிக்க வராது என்று ஒரு அண்ணா சொன்னான்" என்று எழுதியிருந்தாய். அந்த அண்ணாவிடம் கரோல் கே பற்றிச் சொல். 1960-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டுடியோக்களில் முழு நீளப் பிரிசிஷனை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பதிவுகளில் வாசித்த அம்மா அவர். பிக்கால் வாசிப்பார், தந்திகளை லேசாக அமுக்கி வைத்திருப்பார், ஒவ்வொரு நோட்டும் வெட்டினாற்போல் நிற்கும். அப்படியும் முழு நீளம் கைக்கு வலித்தால், 34 அங்குலத்துக்குப் பதில் 30 அங்குல நீளத்தில் வருகிற குட்டை பேஸ் இருக்கிறது. பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்கில் வாங்கிய, வயலின் வடிவ ஹாஃப்னர் அந்த நீளம்தான். தந்தியின் இழுவிசை குறைவு, ஒலி உருண்டையாக வரும். அதற்குத் தந்தியும் குட்டை நீளத்துக்கு உரியதாகவே வாங்க வேண்டும். ஜாஸ் பேஸின் கழுத்து, மேல் நட்டுப் பக்கம் ஒன்றரை அங்குலம்தான். சில பிரிசிஷன் மாதிரிகளிலும் அந்த ஒல்லிக் கழுத்தைப் போட்டு விற்கிறார்கள். கடையில் கேட்டுப் பார்.

ஐந்து தந்தி இப்போது வேண்டாம். பாடுகிறவர் ஈ ஃபிளாட்டுக்கு ஸ்கேலை இறக்கச் சொன்னால் நாலு தந்தியில் அடி நோட்டு கிடைக்காதே என்று கேட்பாய். அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே ஏ தந்தியில் ஆறாவது ஃபிரெட்டில் இருக்கிறது, அங்கே போ. பேட்டரி போடுகிற ஆக்டிவ் பேஸ் வாங்கினால் ஒன்றை நினைவில் வை: கேபிளைச் சொருகி வைத்திருக்கிறவரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும், வாசித்து முடித்ததும் பிடுங்கிவிடு. மரம், நிறம் எல்லாம் உன் இஷ்டம். அதில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

தந்திகளைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். கிட்டாரை மாற்றாமல் அதன் குரலையே மாற்றிவிடக் கூடியவை அவை. கிட்டாருக்காக ஆறு மாதம் யோசிக்கிறவர்கள் ஸ்ட்ரிங் செட்டைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

நடுவில் ஓர் எஃகுக் கம்பி, அதைச் சுற்றி இன்னொரு கம்பி. சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்டுவவுண்டு, பட்டையான நாடாவாக இருந்தால் ஃபிளாட்வவுண்டு. எலக்ட்ரிக் பேஸ் வந்த காலத்தில் எல்லாருக்கும் ஃபிளாட்தான். 1966-ல் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில், இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் கம்பெனியோடு உட்கார்ந்து பியானோத் தந்தியைப் போல ஒலிக்கிற ரவுண்டுவவுண்டைச் செய்துவாங்கினார். ராக் பேஸின் அந்த உறுமலும் கணீரும் அதிலிருந்து கிளம்பியவை. ஜாகோ பாஸ்டோரியஸ் ஃபிரெட்டே இல்லாத 1962 ஜாஸ் பேஸில் அதே வகைத் தந்திகளைப் போட்டார். அந்தச் சொரசொரப்பு மரத்தை அரித்துவிடும் என்று விரல்பலகைமேல் எபாக்ஸி பூசிக்கொண்டார். பாலத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்து, பின்பக்கப் பிக்கப்பைத் திறந்து வாசித்தார். அவர் பெயரிலேயே 1976-ல் வந்த ஆல்பத்தைக் கேள், பேஸ் பாடும்.

ஆனால் நீ முதலில் கேட்க வேண்டியவர் ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட்டில் மோட்டவுன் கம்பெனியின் ஸ்டுடியோவில் பாட்டுக்குப் பாட்டு வாசித்தவர். 1962 பிரிசிஷன், அதில் லா பெல்லா கம்பெனியின் தடித்த ஃபிளாட்வவுண்டு, தடிமன் அளவு 52-லிருந்து 110 வரை. அறுந்தால்தான் மாற்றுவார். பாலத்தின் மூடிக்குக் கீழே ஒரு ஸ்பாஞ்சு, தந்தி நீளமாக ஒலிக்காமல் இருக்க. வலக்கையில் ஆட்காட்டி விரல் ஒன்று மட்டும். அந்தக் கிட்டாரை எடுத்து நீ தனியே மீட்டியிருந்தால் 'இதென்ன செத்துப்போன ஒலி' என்று கீழே வைத்திருப்பாய். அதையே பாட்டில் கேட்டுப் பார். பாடுகிறவருக்கும் டிரம்ஸுக்கும் இடையில் அவர் எடுத்துவைக்கிற ஒவ்வோர் அடியும் தெளிவாகத் தெரியும். இத்தனை வாசித்தும் பாடகர் மார்வின் கேயின் 1971 ஆல்பத்தில்தான் அட்டையில் ஜேமர்சன் பெயர் வந்தது. நம் சினிமா இசைத்தட்டுகளிலும் வாத்தியக்காரர்கள் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும், அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. ராஜா சாரிடம் வாசித்த சசிதரன், ரஹ்மானிடம் வாசித்த கீத் பீட்டர்ஸ் என்று இந்த இரண்டு பெயரையாவது உன் பாண்டுப் பையன்களுக்குச் சொல்லிவை. 1982-ல் வந்த 'இளைய நிலா'வை எல்லாரும் கிட்டாருக்காகக் கேட்பார்கள். நீ ஹெட்போன் போட்டு, கிட்டாரை மறந்துவிட்டு, பேஸை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை பின்தொடர்ந்து பார். அது தாளத்துக்குக் காவல் நிற்கவில்லை, தன் பாட்டுக்கு ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு நடக்கிறது.

உனக்கு எது? முதல் செட் நிக்கல் பூசிய ரவுண்டுவவுண்டு, 45-லிருந்து 105 வரை. ராக்குக்கும் ஆகும், டோன் குமிழைப் பாதி மூடினால் ராஜா சார் பாட்டுக்கும் ஆகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் கணீரென்று இருக்கும், விரலையும் ஃபிரெட்டையும் கொஞ்சம் தின்னும். ஒரு வருஷம் போனதும் ஒரு ஃபிளாட் செட் வாங்கிப் போட்டுப் பார். விலை அதிகம், ஆனால் வருஷக்கணக்கில் உழைக்கும். முதல் வாரம் பிடிக்காது, அவசரப்பட்டுக் கழற்றிவிடாதே.

சென்னையில் ரவுண்டுவவுண்டுக்கு ஆயுள் குறைவு. வியர்வையும் அழுக்கும் சுற்றுகளின் இடுக்கில் போய் உட்கார்ந்து மேல் அதிர்வுகளை அமுக்கிவிடும், கடல்காற்று துருப்பிடிக்க வைக்கும். வாசித்து முடித்ததும் ஒரு பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடை. வெளிநாட்டு செட் லேசில் கிடைக்காத காலத்தில் நாங்கள் பழைய தந்தியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைப்போம். சில நாள் உயிர் வரும், மறுபடி செத்துவிடும். இப்போது உனக்கு அந்தப் பாடு வேண்டாம். புதுத் தந்தி மாட்டும்போது, வெட்ட வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் செங்குத்தாக மடக்கிவிட்டு அதன்பிறகு வெட்டு. மடக்காமல் வெட்டினால் சுற்று உள்ளே நழுவி, அந்தத் தந்தி பிறக்கும்போதே ஊமையாகிவிடும்.

45-105 செட்டில் நான்கு தந்தியும் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ இழுவிசையில் கழுத்தை வளைத்துக்கொண்டிருக்கின்றன. தடிமனை மாற்றினால் அந்தக் கணக்கும் மாறும், உள்ளே இருக்கும் டிரஸ் ராடைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். கையில் இருக்கிற மொத்தப் பணத்துக்கும் கிட்டார் வாங்கிவிடாதே. செட்டப் செய்கிறவருக்குக் கொடுக்கவும், ஒரு நல்ல கேபிளுக்கும், ஒரு மாற்று ஸ்ட்ரிங் செட்டுக்கும் எடுத்துவை. நடுத்தர விலைப் பேஸை ஒழுங்காகச் செட்டப் செய்தால், அப்படிச் செய்யாத விலையுயர்ந்த பேஸைவிட நன்றாக வாசிக்கும். நீயே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று: பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேர்மேலே தந்தியை லேசாகத் தொட்டு ஹார்மோனிக்கை எழுப்பு, பிறகு அதே இடத்தில் அழுத்தி வாசி. டியூனரில் இரண்டும் ஒன்றாக நிற்க வேண்டும். அழுத்தும்போது ஏறிப்போனால் பாலத்தில் அந்தத் தந்தியின் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் டோன் பிடிக்கவில்லை என்றால், காசு செலவழிக்கும் முன் வலக்கையை நகர்த்திப் பார். கழுத்துப் பக்கம் மீட்டினால் உருண்டை, பாலத்துப் பக்கம் மீட்டினால் இறுக்கம். ஒரே பாட்டில் பல்லவிக்கு ஓரிடம், சரணத்துக்கு ஓரிடம் என்று மாற்றலாம். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் புதிதாக ஒன்றை எடுத்து ஒரு துண்டு வெட்டிப் பாலத்துக்கு முன்னால் தந்திக்கு அடியில் சொருகு, ஜேமர்சன் வீட்டுக்கு வந்துவிடுவார். எஃபெக்ட் பெட்டிகளைப் பற்றி அடுத்த வருஷம் பேசலாம்.

அண்ணாசாலைக்கு எப்போது போவதாக இருக்கிறாய்? சனிக்கிழமை காலை என்றால் நானும் வருகிறேன், மத்தியானம் கூட்டம் சேர்ந்தால் எதையும் கேட்க முடியாது. போனில் நீங்கள் பயிற்சி செய்கிற பாட்டு ஒன்றைப் பேஸ் இல்லாமல் பதிவு செய்து கொண்டுவா. கடையில் ஒரு சின்ன ஸ்பீக்கரில் அதை ஓடவிட்டு, ஒவ்வொரு பேஸையும் அதனோடு சேர்த்து வாசித்துப் பார்க்கலாம். கடைக்காரர் முகம் சுளிப்பார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் அப்பனை மட்டும் கூட்டிவராதே. முதலில் கையில் கொடுக்கிற கிட்டாரைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு, இதையே எடுத்துக்கோயேன்" என்று பில் போடச் சொல்லிவிடுவான்.

அன்புடன்,
பெரியப்பா